காருகுறிச்சியாரைக் கேட்டவர்கள்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது, என் ஆய்வுத்துறை சார்ந்து ஏதேனும் எழுதித் தருவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நானும் அவ்வாறே எண்ணினேன். எழுத உட்கார்ந்தபோது வேறொன்று முன்வந்து நின்றது. பல ஆண்டுகளாக என்னைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு பித்து அது. பித்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுதல் கூடுமா என்பது ஐயமே. ஆயினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதால் எழுதத் துணிந்தேன்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கொரு குறை தோன்றும். ஆடலாசான், இசையாசான், தண்ணுமை ஆசான், குழலோன், யாழாசான் என ஒவ்வொருவருக்கும் அமைதி கூறுகிறார் இளங்கோவடிகள். அரங்கின் நீள அகலங்கூட அளந்து சொல்லப்படுகிறது. அந்த அரங்கிற்கு எதிரே இருந்து கேட்டவனுக்கு மட்டும் தனியே இலக்கணம் இல்லை. நன்னூலார் ஆசிரியனுக்கும் மாணாக்கனுக்கும் இலக்கணம் வகுத்தார். இசை கேட்பவன் அவர் வட்டத்துக்குள் வரவில்லை. பிற்காலத்தில் உ. வே. சாமிநாதையர் கனம் கிருஷ்ணையரையும் கோபாலகிருஷ்ண பாரதியாரையும் பற்றி எழுதி வைத்தார். கல்கி ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் தம் காலத்துக் கச்சேரிகளை அலசினார். பாடியவர் வரலாறு ஓரளவேனும் நமக்குக் கிட்டியிருக்கிறது. கேட்டவர் வரலாறு எங்கே?

இந்த வினா தாமிரபரணிக் கரையில் பிறந்த எனக்கு எழுந்தது வியப்பன்று. கேட்பதையே ஒரு தொழிலாக, இல்லை, ஒரு தவமாக நடத்திய ஊர் திருநெல்வேலி. டி. கே. சிதம்பரநாத முதலியாருக்கு மக்கள் இட்ட பட்டமே ‘ரசிகமணி’ அல்லவா? அவர் காவியம் பாடியவரல்லர், பாடியவனைச் சுவைத்தவர். வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்து வட்டத்தொட்டியில் கூடியவர்கள் கம்பனைக் கேட்டார்கள், கேட்டதைப் பேசினார்கள், மீண்டும் கேட்டார்கள். 1954இல் அவர் மறைந்தபோது அவர் விட்டுச்சென்ற பெருஞ்சொத்து கேட்கத் தெரிந்த ஒரு கூட்டந்தான். நம் வட்டமும் அந்தத் தொட்டியின் ஏதோ ஒரு கசிவில் முளைத்ததே என்று நான் கருதுவதுண்டு, நண்பர்கள் மறுக்கலாம்.

வட்டத்தொட்டிக்கு வெளியேயும் ரசிகர் கூட்டம் இருந்தது. செங்கோட்டைக் கிட்டப்பா 1906இல் பிறந்து 1933இல், தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தவர். அவர் பிறந்த செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அவர் குரலுக்கு அந்த எல்லையெல்லாம் பொருட்டாக இருக்கவில்லை. நாடகக் கொட்டகைகளில் அவர் பாட்டை மீண்டும் மீண்டும் பாடச் சொல்லி மக்கள் கூச்சலிட்ட கதைகள் எங்கள் பக்கத்தில் இன்றும் வழங்குகின்றன. ஆனால் கொட்டகைக்குச் சீட்டு வாங்க வேண்டும். வட்டத்தொட்டிக்குத் தமிழ் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவர்கள் எதைக் கேட்டார்கள் என்று தேடினால் நாகசுரத்திடந்தான் வந்து நிற்கிறோம்.

நாகசுரத்தைப் பற்றி அதிகம் பேசப்படாத உண்மை ஒன்று உண்டு. நம் செவ்வியல் இசைக் கருவிகளுள் மதிலைத் தாண்டும் கருவி அது ஒன்றே. வீணை அறைக்குள் ஒலிப்பது. வாய்ப்பாட்டு, ஒலிபெருக்கி வருமுன், மண்டபத்தோடு நின்றது. நாகசுரமோ கோபுரத்தடியில் வாசித்தால் தேரடிக்கு அப்பாலும் கேட்கும். 1939இல் மதுரைக் கோயிலில் ஆலய நுழைவு நிகழும்வரை, தமிழகத்தின் பெருங்கோயில்களில் எத்தனையோ பேருக்கு உள்ளே இடமில்லை. சபாக்களிலும் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரியும், அதற்குப்பின் நள்ளிரவு தாண்டி நீளும் இராக ஆலாபனையும் தெருவுக்கு வந்தன. தெருமுனையிலும் வயல்வரப்பிலும் நின்றவன் அதைக் கேட்டான். வேறெந்த வாசலும் திறவாதிருந்த காலத்தில் தோடியும் கல்யாணியும் அவனிடம் தாமாக நடந்து வந்தன. கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்திலும் அதே குழல்தான் ஒலித்தது என்பதால், அந்த ஒலி அவனுக்கு அந்நியமாகவும் இருக்கவில்லை. நாகசுரத்தின் ரசிகர் கூட்டம் மற்ற இசைகளின் கூட்டத்தினின்றும் வேறுபட்டதற்கு இதுவே முதற்காரணம் என்பேன்.

இந்தக் கருவியை வாசித்தவர் நிலையையும் இங்கே நினைக்க வேண்டும். மேடையில் வாய்ப்பாட்டுக்காரர் அமர்ந்திருக்க, நாகசுரக்காரர் துண்டை இடுப்பில் கட்டி, சட்டையின்றி நின்று வாசித்த காலம் அது. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை அதை உடைத்தார். குடுமியைக் களைந்தார், சட்டை போட்டார், சமமாக அமர்ந்து வாசிப்பேன் என்றார். அவருடைய தோடி இசைத்தட்டு பட்டிதொட்டியெல்லாம் பரவியது. கருவியையும் அவர் மாற்றினார். அதுவரை வழங்கிய திமிரி நாகசுரம் குட்டையானது, உச்சச் சுருதியில் ஒலிப்பது. அவர் நாடியது நீண்ட பாரி நாகசுரம்; இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதிக்கு இறங்கி, குரல்போல் நின்று குழைவது. நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரி அவருக்கென்று கடைந்து தந்த பாரி இன்றைய நாகசுரத்துக்கே முன்மாதிரியாயிற்று. ஆச்சா மரத்தில், பெரும்பாலும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் வைரம் பாய்ந்த உத்தரங்களில், இக்குழல் கடையப்படுகிறது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு குடும்பம் வாழ்ந்து முடித்த வீட்டின் உத்தரம் இன்னொரு வீட்டுத் திருமணத்தில் ஊதப்படுகிறது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு மயிர்க்கூச்செறியும். கவிஞர்கள் எவரேனும் இதை எழுதியிருக்கிறார்களா எனத் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

அந்த இராசரத்தினத்தின் தலைமாணாக்கர் காவிரிக் கரையில் பிறக்கவில்லை. எங்கள் தாமிரபரணிக் கரையில் பிறந்தார். காருகுறிச்சி, சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடைப்பட்ட சிற்றூர். கோரைப்பாய்க்குப் பத்தமடை போல மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். 1921இல் அங்கே பிறந்த அருணாசலம், இராசரத்தினம் பிள்ளையிடம் சேர்ந்து, அவருக்குப் பக்கமாக நின்று வாசித்து, 1956இல் குரு மறைந்தபின் அந்த இடத்தை நிரப்பத்தக்கவர் என்று பேசப்பட்டார். ‘தஞ்சாவூர்க்காரர் அல்லாதவருக்கு நாகசுரம் வருமா’ என்று கேட்டவர்களுக்கு அவர் வாசிப்பே விடை. பிற்காலத்தில் அவர் கோவில்பட்டியில் வாழ்ந்தார். எங்கள் பக்கத்தில் அவரைப் பெயர் சொல்லி வழங்குவதில்லை. காருகுறிச்சியார் என்றால் ஊரைக் குறியாது, அவரைக் குறிக்கும்.

குருவின் நிழல்தானே அவர் என்பாரும் உளர். இவ்வழக்கு ரசிகரிடையே இன்னும் தீரவில்லை. என் செவிக்குப் பட்டதைச் சொல்கிறேன். இராசரத்தினத்தின் தோடி வெள்ளம். நாம் கரையில் நிற்கிறோம், அது வந்து நம்மை இழுத்துப் போகிறது. காருகுறிச்சியாருடையது வாய்க்காலில் வரும் தண்ணீர். ஒவ்வொரு வயலாக, ஒவ்வொரு மடையாகத் திறந்து பாய்ந்து, எல்லா வரப்பையும் தொட்டுவிட்டே அடுத்த வயலுக்குப் போகிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவளுக்கு இப்படித்தான் தோன்றும் என்று நீங்கள் சிரிக்கலாம். அவருடைய அகாரங்களில், அதாவது குழலே வாய்விட்டுப் பாடுவதுபோன்ற அந்தக் குழைவில், அவசரம் என்பதே இல்லை. அதைத் தாங்கி நிற்கும் தவிலும், குறிப்பாகப் பெரும்பள்ளம் வெங்கடேசனின் தவில், அவரை முந்தாது. நாம் அவர் ஒருவரையே புகழ்கிறோம். உண்மையில் அது ஒரு ‘செட்’. இரண்டாம் நாகசுரம், தவில்கள், சுருதி, தாளம் யாவும் சேர்ந்த ஒரே மூச்சு. ரசிகர்களும் செட்டையே பின்தொடர்ந்தார்கள். இன்ன ஊரில் இன்ன தவிலோடு வாசித்தார் என்பதே அவர்கள் நினைவின் முகவரி.

இவ்வரலாற்றில் கரிசல் எழுத்தாளர்களுக்குத் தனியிடம் உண்டு. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் 1923ஆம் ஆண்டிலேயே பிறந்த இருவர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும், முதலில் இசைப் பித்தர்கள், பிறகே எழுத்தாளர்கள். விளாத்திகுளம் சுவாமிகளின் இராக ஆலாபனையைக் கேட்டு வளர்ந்த கூட்டம் அது. சுவாமிகளும் காருகுறிச்சியாரும் கி. ரா.வின் எழுத்தில் வீட்டு மனிதரைப்போல் வந்து போவர். கி. ரா.வின் உரைநடையில் ஒரு செய்தியைச் சொல்ல வந்து, அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கேட்பவர் பொறுமையிழக்கும் தருவாயில் சட்டென்று எடுத்து வைக்கும் அந்த முறை, ஆலாபனை கேட்ட காதிலிருந்து வந்ததென்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. சான்று கேட்கும் மாணவருக்குத் தர என்னிடம் ஏதுமில்லை.

ஆனால் இவர்கள் அனைவரும் ஆண்கள். பந்தலில், மணலில், தவிலுக்கு எதிரே விடியும்வரை உட்காரக் கூடியவர்கள். எழுதவும் வல்லவர்கள். ஆகவே ரசிகர் என்றதும் நம் மனக்கண்ணில் வெற்றிலைச் செல்லத்தோடு தலையாட்டும் ஓர் ஆணே வந்து உட்காருகிறான். என் தேடல் திரும்பிய இடம் இதுதான்.

என் ஆச்சி வீரவநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். 1950களில் ஒரு பெரிய வீட்டுத் திருமணத்துக்குக் காருகுறிச்சியார் வந்து மூன்று இரவு வாசித்தார். தெருவை அடைத்துப் பந்தல். ஆண்கள் பந்தலில். பெண்கள் எதிர்வீட்டு மச்சிலும் மொட்டைமாடியிலும். கைப்பிடிச் சுவருக்குமேல் தலை தெரியக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்களின் கட்டளை. ஆச்சி மூன்று இரவும் அந்தச் சுவருக்கு இப்பால் சம்மணமிட்டு, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். வாசித்தவர் முகத்தை அவள் காணவில்லை. இராகப் பெயர் எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் இரண்டாம் இரவு வாசித்ததை நாற்பது ஆண்டு கழித்து எனக்குப் பல்லில்லா வாயால் முனகிக் காட்டினாள். அது தோடிதான் என்று நான் அறிந்தது பின்னாளில்.

1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்தது. ஆபேரியில் அமைந்த ‘சிங்கார வேலனே’ பாட்டில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சியாரின் நாகசுரம் போட்டியிட்டு இழைந்தது தமிழகம் அறிந்த செய்தி. கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதி, எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்தது. மணலில் உட்கார்ந்து கேட்டறியாத இலட்சக் கணக்கானோரை அந்த ஒரு பாட்டு ரசிகராக்கியது; அந்த இசைத்தட்டு முழங்காத கோயில் விழா இல்லை என்றாயிற்று. ஆச்சி அந்தப் படத்துக்குப் போனது ஒரே நோக்கத்தோடு: அந்த மனிதரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். திரையில் நாகசுரத்தோடு அமர்ந்திருந்தவர் ஜெமினி கணேசன்!

“அண்ணைக்கும் பாக்கல” என்றாள் ஆச்சி. “வருத்தமா இல்லையா ஆச்சி?” என்றேன். “ஏட்டி, முகத்தப் பாத்துக்கிட்டா கேக்கணும்? அதுக்குத்தான காது இருக்கு” என்றாள். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்து, “ஆனாலும் ஒரு தடவ பாத்திருக்கலாம்” என்றாள்.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் முதல் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதுவரை எங்கள் பகுதிக்குத் திருச்சி வானொலிதான், 1939இலிருந்து. சொந்த மண்ணிலேயே ஒரு நிலையம் வந்த நான்கு திங்களில், 1964 ஏப்ரலில், காருகுறிச்சியார் காலமானார். ஆச்சி அவர் முகத்தை முதன்முதலாகக் கண்டது மறுநாள் செய்தித்தாளில். அந்தத் தாளை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் நெடுநாள் வைத்திருந்தாளாம். கரையான் அரித்துவிட்டது.

அவர் மறைந்து பதினாறு ஆண்டுக்குப் பின் பிறந்தவள் நான். நேரில் கேட்காத ஒருவருக்கு ரசிகையாவது எப்படி? நாடா வழியாகத்தான். என் மாமா வானொலியிலிருந்து பதிவு செய்த ஒலிநாடா ஒன்று வீட்டில் கிடந்தது. தொடக்கத்தில் அறிவிப்பாளரின் பாதிச் சொல்லும், நடுவே வாசற்புறத்தில் யாரோ வாளியைக் கீழே போட்ட ஓசையும் அதில் பதிவாகியிருந்தன. கல்லூரிக் காலத்தில் அதை நான் பொருட்படுத்தவில்லை. திரைப்பாட்டே எனக்குப் போதுமானதாக இருந்தது. முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிய நாட்களில், இரவில் உறக்கம் வாராதிருக்க ஏதேனும் ஒலிக்கட்டும் என்று ஒருநாள் அதைப் போட்டேன். ஆலாபனை தொடங்கிச் சில நிமிடங்களில் எழுதுகோலை வைத்துவிட்டேன். மேல்பஞ்சமத்தில் சென்று நின்றவர் இறங்கவே இல்லை. மூச்சு எங்கே வாங்குகிறார் என்று தேடினேன், கிடைக்கவில்லை. நாடா முடிந்து, சொடக்கென்று பொத்தான் எழும்பியது. திருப்பிப் போட்டேன். அந்த இயல் ஒரு திங்கள் தாமதமாக முடிந்தது. என் நெறியாளரிடம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பின் பித்து முற்றியது. சந்திப்பிலும் டவுனிலும் ஒலிநாடாக் கடைகளில் தேடினேன். பழைய ரசிகர்களின் வீடுகளுக்கு முகவரி கேட்டுச் சென்றேன். கடம்பூர்ப் பக்கத்தில் ஒரு முதியவர், அலமாரி நிறைய நாடா வைத்திருந்தவர், என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, “பொம்பளப் பிள்ளைக்கு நாயனம் எதுக்கும்மா? வீணை கத்துக்கலாமே” என்றார். கத்துக்கொள்ள வரவில்லை ஐயா, கேட்க வந்தேன் என்றேன். அது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. ஆயினும் அன்று மாலைவரை எனக்காக நாடா நாடாவாகப் போட்டுக் காட்டினார். எந்தத் திருமணம், எந்த ஆண்டு, தவில் யார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். “பொம்பளைங்க யாரும் கேட்டாங்களா ஐயா?” என்றதற்கு, “இருந்திருப்பாங்க, நாங்க திரும்பிப் பாக்கலயே” என்றார். நேர்மையான விடை. அவ்வளவு நேர்மை நம் இசை வரலாற்று நூல்களில் இல்லை.

2021இல் காருகுறிச்சியாரின் நூற்றாண்டு வந்தது. பெருந்தொற்றுக் காலமாதலால் பலரும் கணினித் திரையிலும் கைப்பேசியிலும் கூடிக் கேட்டார்கள். நாடாக்களில் ஒளிந்திருந்த வாசிப்புகள் பல இப்போது இணையத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. முகம் காணாமல் கேட்பது இன்று எல்லாருக்கும் வாய்த்திருக்கிறது! ஆச்சி 2009இல் போய்விட்டாள்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு கோயில் கொடைக்குப் போயிருந்தேன். இந்நாளில் நம் பகுதித் திருமணங்களிலும் கொடைகளிலும் செண்டை மேளமே முந்துகிறது. மலையாள நாட்டிலிருந்து வருகிறார்கள், நன்றாகத்தான் அடிக்கிறார்கள், குற்றம் அவர்கள்மீதன்று. நாகசுர செட் ஓரமாக நின்றது. பூசைக்கு ஒருமுறையும் தீபாராதனைக்கு ஒருமுறையும் வாசித்துவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் சீவாளியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பணம் வசூலித்தவர்களுள் ஒருவர் அவர்களைக் கடைசிப் பந்தியில் சாப்பிடச் சொன்னதும் என் காதில் விழுந்தது. செண்டை ஓய்ந்து, கூட்டம் வில்லுப்பாட்டுப் பந்தலுக்கு நகர்ந்தபின், நாகசுரக்காரரிடம் சென்று, “தம்பி, கொஞ்சம் தோடி வாசிப்பீங்களா?” என்று கேட்டேன். இருபத்தைந்து வயதிருக்கும். பக்கத்திலிருந்த தவில்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “எவ்வளவு நேரம் இருப்பீங்க, அக்கா?” என்றார்.

நீங்கள் வாசிக்கும்வரை என்றேன். அவர் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டார். நான் ஆலமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். பதினொன்றேகால் வரை வாசித்தார். கடைசியில் எண்ணிப் பார்த்தேன்: ஒன்பது பேர் இருந்தோம். அவர்களுள் ஐவர் பெண்கள். ஒருத்தி, பூக்காரி, மீந்த பிச்சிச் சரத்தை முழம் போடாமல் அப்படியே சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.